பொய் சொல்லும் சிவப்பு விளக்கு

நெற்பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவைக் கொட்டாதீங்க. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வடிகால் சரியில்லையா என்று முதலில் பாருங்க என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். காரிலும் டிராக்டரிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் மீட்டர் பலகையில் எரிகிற எச்சரிக்கை விளக்கும் அந்த மஞ்சள் இலை மாதிரிதான். இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

சென்னை மயிலாப்பூரில் இருக்கிற என் மைத்துனர் ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஒருநாள் அதில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. தியாகராய நகரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். தெருவில் நின்ற வண்டிக்குள் எலி புகுந்து, ஒயரின் தோலைக் கடித்திருந்தது. "ஆயில் எல்லாம் சரியா இருக்கு சார், விளக்குதான் பொய் சொல்லுது" என்று பல்பையே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார் அவர். விளக்கு சொன்னது பொய்தான். ஆனால் செய்த வைத்தியம் தப்பு. ஆறு மாதம் கழித்துத் திண்டிவனம் போகிற வழியில் ஆயில் பில்டர் கசிந்து ஆயில் முழுக்க ஒழுகிப் போச்சு. சொல்ல விளக்கு இல்லை. என்ஜின் இறுகிப் போய் நின்றது. சில ரூபாய் ஒயர் வேலை, பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிந்தது.

விளக்கு எரிவது எப்படி?

என்ஜின் ஓடும்போது ஆயில் பம்பு ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. என்ஜின் உடம்பில் கட்டை விரல் பருமனில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் திருகப்பட்டிருக்கும். பழைய வண்டிகளில் அதற்கு ஒரே ஒயர்தான். அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்ச் அந்த ஒயரை என்ஜின் உடம்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் பிரித்துவிடும்; விளக்கு அணையும். ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் விளக்கு எரியும். பொய் பிறக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

சோதிக்கும் முறை

1. ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

2. சமதரையில் சில நிமிடம் விட்டு, ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அளவு சரி என்பதால் அழுத்தமும் சரி என்று ஆகிவிடாது, பம்பு தேய்ந்திருக்கலாம்.

3. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். விளக்கு எரியும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. அதுதான் பெரிய ஆபத்து. இப்போது ஸ்விட்சில் உள்ள ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் ஒயர் எங்கோ உரசுகிறது. தேடிப் பிடித்து மாற்றுங்கள்.

4. விளக்கு அணைந்தால் ஒயர் நல்லது. மீதிச் சந்தேகம் ஸ்விட்சா, அழுத்தமா என்பது. ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு வந்தால்தான் ஸ்விட்ச் பழுது என்று முடிவு கட்டலாம். புது ஸ்விட்ச் வாங்க சென்னை ஜி.பி. ரோடு போனால் பழசைக் கையோடு கொண்டு போங்க. மரை ஒத்துப் போகணும்.

மற்ற விளக்குகள்

பிரேக் விளக்கு எரிந்தால் கை பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். 12 வோல்ட்டிலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, விளக்கு உண்மைதான் சொல்கிறது. பல விளக்குகள் ஒரே சமயத்தில் மங்கலாக மினுக்கினால் எர்த் ஒயர் தளர்ந்திருக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. இப்படி நனைந்த வண்டிகளில் ஒயர் இணைப்புகளுக்குள் பச்சைக் களிம்பு பிடித்து, வாரக்கணக்கில் கழித்துக்கூட விளக்குகள் தாறுமாறாக எரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பாதித் தொல்லை தீரும். கிராமத்தில் வெள்ளத்தில் நின்ற டிராக்டருக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் ஏர்பேக் விளக்கு எரிந்தால் மட்டும் நீங்கள் கை வைக்காதீங்க. அது வெடித்து விரிகிற பை. கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார்களுக்கு ஒயரைக் கழற்றும் சோதனையும் பொருந்தாமல் போகலாம். பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே நல்லது.

விளக்கு பொய் சொல்கிறது என்று தோன்றினால், முதலில் அதை நிரூபியுங்கள். பொய் என்று தெரிந்தபின் காரணத்தைச் சரிசெய்யுங்கள். பல்பை மட்டும் பிடுங்காதீங்க. குரைக்கிற நாய் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வாயைக் கட்டிப் போட்டால், திருடன் வருகிற அன்று அது எப்படிக் குரைக்கும்?