பனிக்காலத்தில் விரைவுக் கார்

ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டை முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டு அழைத்தனர் நம் முன்னோர். ஆனால் அவர்கள் குறித்தது புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் மறைந்துபோகும் பனி. தமிழில் வானிலிருந்து பஞ்சு போல் உதிர்வதும் பனிதான். புகை போலக் கண்ணை மறைப்பதும் பனிதான். சாலையில் கண்ணாடியாய் இறுகிக் கிடப்பதும் பனிதான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது ஓயாத தொல்லை. வெண்பனி, மூடுபனி, உறைபனி என்று அடைமொழி சேர்த்துத் தப்பிக்க வேண்டியிருக்கிறது. காரோட்டுகிறவருக்கோ இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஒவ்வொரு பனியும் ஒவ்வொரு வகை அபாயம்.

தில்லியிலும் சண்டீகரிலும் வாழும் நம்மவருள் ஆற்றல் மிக்க கார் வைத்திருப்போர் இன்று அரியர் அல்லர். குழந்தைகளுக்கு வெண்பனியைக் காட்ட, டிசம்பர் விடுமுறையில் அவர்கள் மணாலிக்குப் புறப்படுகின்றனர். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ரோத்தாங் கணவாய் மூடிக்கொள்ளும். அதற்கப்பால் லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் கார் செல்ல வழியில்லை. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சமவெளிக் கார், சமவெளி டயருடனேயே போய்விடுகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சின் எத்துணை வலியதாயினும் காரைத் தரையோடு இணைப்பவை நான்கு டயர்களே. அவை ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். முடுக்குவதும் திருப்புவதும் நிறுத்துவதும் இந்நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பைக் கொண்டே நடைபெறுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய வெண்பனியின்மேல் அதே கார் நிற்க 40 மீட்டர் வேண்டும். வழுக்கும் பனிக்கட்டியின்மேல் ஏறக்குறைய 100 மீட்டர் ஓடும். வேகம் இருமடங்கானால் இத்தூரங்கள் நான்கு மடங்காகும். இவையெல்லாம் சமதரைக் கணக்கு. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், பனிக்கட்டியின்மேல் டயருக்குள்ள பிடிப்பும் சரிவின் இழுப்பும் சமமாகிவிடுகின்றன. அங்கே பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்பதில்லை. எஞ்சினின் குதிரைசக்திக்கு இக்கணக்கில் எங்கும் இடமில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

உயர்வகைக் கார்கள் பலவற்றில் பொருத்தப்படும் அகன்ற டயர்கள் கோடைக்கென்றே கூட்டப்பட்ட ரப்பரால் ஆனவை. சூடான சாலையில் அந்த ரப்பர் இளகிப் பற்றிக்கொள்ளும். சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது இறுகத் தொடங்கும்; உறைநிலையில் சில வகை ரப்பர் வெடிப்பும் காணும். இந்த 7 டிகிரி மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021 ஜனவரி முதல் நாளன்று தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. ஆகவே, தில்லியில் ஜனவரி விடியற்காலையில் கார் எடுப்பவரும் முதற்சில கிலோமீட்டர் தூரத்தை நிதானமாகவே கடக்க வேண்டும். அதற்குள் டயரும் எஞ்சின் எண்ணெயும் ஓரளவு சூடேறும். குளிர்ந்து தடித்த எண்ணெயுடன் எஞ்சினை உறுமச் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும் செயல்.

அகன்ற டயர் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் உலர்ந்த சாலைக்குப் பொருந்தும். புதிதாக விழுந்த பனியில் ஒடுங்கிய டயர் வெட்டிக்கொண்டு அடியிலுள்ள தரையைத் தேடும். அகன்றதோ பனியின்மேல் மிதக்கும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார் இருந்தால் அச்சமில்லை என்பாரும் உளர். அத்தகைய கார் புறப்படுவதிலும் ஏற்றத்தில் ஏறுவதிலும் வல்லது என்பது உண்மையே. ஆனால் நிற்பதற்கு எல்லாக் கார்களுக்கும் இருப்பவை அதே நான்கு பிரேக்குகள்தாம். சிரமமின்றிப் புறப்பட்ட கார் சிரமமின்றி நிற்கும் என்று நம்பி வேகம் கூட்டுபவரே முதலில் பள்ளத்தில் இறங்குகிறார்.

சக்கரத்தில் மாட்டும் சங்கிலி நல்ல துணை. விசை செல்லும் சக்கரங்களில் அதை மாட்ட வேண்டும்; மாட்டியபின் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. எனினும் தாழ்ந்த விரைவுக் கார்கள் சிலவற்றில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே சங்கிலிக்கு இடமிருப்பதில்லை. வீட்டிலேயே காரின் கையேட்டைப் பார்த்துவிடுவது நலம். பனி விழும் நாட்களில் நாற்சக்கர விசை வண்டிகளையும் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டுமே மணாலிக்கு மேலே போலீசார் அனுமதிப்பதுண்டு. அப்போது விரைவுக் காரைக் கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் வண்டியில் ஏறுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

வழுக்கும் சாலையில் எதையும் சட்டெனச் செய்யலாகாது. ஆற்றல் மிகுந்த காரில் கால்விரல் சற்றே அழுந்தினாலும் சக்கரம் வீணே சுழன்றுவிடும். மின்சாரக் கார்களில் முழு விசையும் நொடியிற் கிளம்புவதால் இது இன்னும் எளிதில் நிகழும். காலை எடுத்ததும் கார் தானாக வேகம் குறையும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. அதன் வலுவைக் குறைத்து வைக்காவிடில், பிரேக்கைத் தொடாமலேயே கார் சறுக்கக்கூடும். பந்தய ஓட்டத்துக்கான அமைப்பை அணைத்து, பனிக்குரிய அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இறக்கத்துக்கு முன்னரே கியரைக் குறைத்துவிட வேண்டும். கார் சறுக்கினால் முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, போக வேண்டிய திசையை நோக்கித் திருப்ப வேண்டும். 2019 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி கட்டாயமாக உள்ளது. காலடியில் பிரேக் அதிர்ந்தால் அஞ்சிக் காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். திருப்பும் திறனை அது காத்துக் கொடுக்கும். பனிக்கட்டியில் நிற்கும் தூரத்தை அதனாலும் பெரிதாகக் குறைக்க இயலாது.

வெண்பனி கண்ணுக்குத் தெரியும். தெரியாதது உறைபனிப் படலம். பகலில் உருகிய நீர் இரவில் தார்மேல் மெல்லிய கண்ணாடியாக உறைகிறது. பார்ப்பதற்கு ஈரச்சாலை போலவே இருக்கும். வெயில் எட்டாத மலை வளைவுகளிலும், கீழிருந்தும் காற்று குளிர்விக்கும் பாலங்களிலும், சுரங்கத்தின் வாயிலிலும் அதை எதிர்பார்க்க வேண்டும். உலர்ந்த சுரங்கத்துள் விரைந்து வந்த கார், வெளிவந்த கணத்திலேயே வழுக்குவதுண்டு.

மலைக்கே செல்லாதவருக்கு மூடுபனி இருக்கிறது. ஆக்ராவுக்குச் செல்லும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் வேக வரம்பைக் குறைப்பது இதன் பொருட்டே. 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தை உணரும் ஒரு நொடியில் 28 மீட்டர் சென்றுவிடுகிறார். பிரேக் பிடித்தபின் மேலும் 50 மீட்டர். கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர்தான் என்றால் நடுவே நிற்கும் லாரியை அவர் எவ்வாறு தவிர்ப்பார்? உயர்ந்த ஒளியைப் போட்டால் அது பனியில் பட்டுத் திரும்பித் தம் கண்ணையே கூசச் செய்யும். தாழ்ந்த ஒளியே ஏற்றது.

டயரின் காற்றிலும் சிறிது கவனம் வேண்டும். உஷ்ண நிலை 5 அல்லது 6 டிகிரி குறையுந்தோறும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு குறைகிறது. ஆனால் மணாலியின் உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் அளவுமானி சுமார் 3 பவுண்டு கூட்டிக் காட்டும். தில்லிக் கணக்கை நம்பாமல், தங்கிய இடத்தில், காலையில் கார் புறப்படுமுன் அளப்பதே சரி.

2024 டிசம்பரில் சோலங்குக்கும் அடல் சுரங்கப் பாதைக்கும் இடையே ஆயிரத்தை எட்டும் வண்டிகள் பனியில் அகப்பட்டன. பயணிகளைப் போலீசார் மீட்டனர். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் அவ்வாறு அகப்பட்டோருள் இருபதுக்கும் மேற்பட்டவர் கார்களுக்குள்ளேயே இறந்தனர். குளிரோடு, எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் அதற்குக் காரணமாயிற்று. காரைச் சுற்றிப் பனி குவியும்போது புகைக்குழாயின் வாய் அடைபடும். மணமற்ற அந்த நச்சு வாயு உள்ளே புகும். தலைவலியும் உறக்கமும் வரும். ஆகவே கம்பளிகளும் ஒரு சிறு மண்வாரியும் பின்பெட்டியில் இருக்கட்டும். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி ஒதுக்கியபின், சன்னலை விரலளவு திறந்து வைத்து, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.