கணக்கில் வந்த வீடுகளும் வராத வீடுகளும்: குடும்ப வருமான ஆய்வுகளும் யாழ்ப்பாணக் குடாநாடும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை நிலையை அறிய அரசுகள் கையாளும் கருவிகளுள் முதன்மையானது குடும்ப வருமான செலவின ஆய்வாகும். வறுமை வீதம், வருமானப் பங்கீடு, உணவுக்காகும் செலவு ஆகியன பற்றித் திட்டமிடுவோரும் ஆய்வாளரும் எடுத்தாளும் எண்களிற் பெரும்பாலானவை இவ்வாய்வுகளிலிருந்தே பெறப்படுகின்றன. அவ்வெண்கள் எவரை உள்ளடக்கின, எதனை அளந்தன என்னும் இரு வினாக்களையும் யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் அமைப்பு

இலங்கையில் மத்திய வங்கி 1953இல் முதலாவது நுகர்வோர் நிதி ஆய்வை நடத்தியது. 1963, 1973, 1978/79, 1981/82 ஆம் ஆண்டுகளில் அது தொடர்ந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1969/70இல் சமூக பொருளாதார ஆய்வொன்றை மேற்கொண்டது. 1990/91 தொடக்கம் வீட்டு வருமான செலவின ஆய்வைக் குறித்த கால இடைவெளிகளில் நடத்தி வருகின்றது.

குடிசன மதிப்பின்போது தயாரிக்கப்படும் பட்டியல்களிலிருந்து முதலிற் கணிப்புப் பகுதிகளும், பின்னர் அவற்றுள் அடங்கும் வீடுகளும் எழுமாற்றாகத் தெரிவு செய்யப்படுகின்றன. அறுவடைக் காலமும் பஞ்ச காலமும் ஒருங்கே பதிவாகும் பொருட்டு ஆய்வு பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்து நடத்தப்படுகின்றது. 2012/13 ஆய்வின் மாதிரி 25,000 வீட்டலகுகளைக் கொண்டது. நாட்டின் குடும்பங்கள் அப்போது 50 இலட்சத்துக்கு மேற்பட்டவையாதலின், மாதிரியில் இடம்பெற்ற ஒரு வீடு சராசரியாக ஏறத்தாழ 200 வீடுகளுக்காகப் பேசியது எனலாம். எனவே, பட்டியலில் இல்லாத ஊருக்காகப் பேச எவருமிலர்.

விடுபட்ட காலம்

ஆரம்ப ஆய்வுகளில் யாழ்ப்பாணம் இடம்பெற்றிருந்தது. ஆயினும் மத்திய வங்கியின் வலயப் பகுப்பில் அது மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றுடன் ஒரே வலயமாக இணைக்கப்பட்டது. கிணற்று நீரில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் சிறு தோட்டக்காரனும் மட்டக்களப்பின் வயற் போடியாரும் ஒரே சராசரியுட் கலந்தனர்.

போர் தொடங்கிய பின்னர் அந்தச் சராசரியும் இல்லாது போயிற்று. 1986/87 நுகர்வோர் நிதி ஆய்வும், 1990/91, 1995/96, 2002 ஆம் ஆண்டுகளின் வீட்டு வருமான செலவின ஆய்வுகளும் வடக்கையும் கிழக்கையும் உள்ளடக்கவில்லை. போர்நிறுத்த காலத்தில் நடந்த 2003/04 நுகர்வோர் நிதி ஆய்விலேயே யாழ்ப்பாணம் மீண்டும் இடம்பெற்றது. 2006/07 வீட்டு வருமான செலவின ஆய்வில் வட மாகாணம் மறுபடியும் விடுபட்டது. 2009/10 ஆய்வு யாழ்ப்பாணத்தை உள்ளடக்கியபோதும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை விட்டுச் சென்றது. இருபத்தைந்து மாவட்டங்களும் முதன்முறையாக ஒருங்கே அடங்கியது 2012/13 ஆய்விலேயாகும். குடிசன மதிப்பின் நிலையும் இதுவே. 1981க்குப் பின்னர் குடாநாட்டில் முழுமையான கணிப்பு 2012இலேயே நடைபெற்றது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் தேசியப் புள்ளிவிபரத்தில் அதன் சுவடு எதுவுமில்லை. 'இலங்கையின் வறுமை' எனப் பாடநூல்களிலும் அறிக்கைகளிலும் அக்காலத்துக்குத் தரப்படும் வீதம், மிக வறியவராக்கப்பட்டோரை விலக்கிக் கணித்த வீதமாகும். எண்ணப்படாத இடத்தின் வறுமை சூனியமாகக் கொள்ளப்படாவிடினும், கொள்கை வகுப்போர் கண்ணுக்கு அது சூனியமாகவே இருந்தது.

எண்கள் சொல்வனவும் மறைப்பனவும்

2009/10இல் தேசிய வறுமை வீதம் 8.9, யாழ்ப்பாண மாவட்டத்தில் 16.1. 2012/13இல் இவை முறையே 6.7, 8.3. 2016இல் 4.1, 7.7. முதல் மூன்றாண்டுகளில் குடாநாடு விரைந்து முன்னேறியது போற் தோன்றுகின்றது. பின்னர் நாட்டின் வீதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தபோதும் யாழ்ப்பாணத்தின் வீதம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மாவட்டத்துக்குரிய மாதிரி சிறிதாதலின், 0.6 என்னும் வீழ்ச்சி மாதிரி வழுவாகவும் இருத்தல் கூடும். 2019 ஆய்வு, திருத்தப்பட்ட புதிய வறுமைக் கோட்டைக் கொண்டு (ஆளொருவருக்கு மாதம் 6,966 ரூபா) தேசிய வீதத்தை 14.3 எனக் கண்டது. இதனை 4.1 உடன் ஒப்பிட்டு வறுமை மும்மடங்காயிற்று எனக் கூறுதல் தவறாகும், மாறியது அளவுகோலே.

அளவுகோலின் தன்மையும் நோக்கற்பாலது. வறுமைக் கோடு அளப்பது நுகர்வுச் செலவினை. அச்செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையன்று. உழைப்பால் உண்பவரும், கனடாவிலுள்ள மகன் அனுப்பும் பணத்தில் உண்பவரும், தாலிக்கொடியை அடகு வைத்து உண்பவரும் ஒரே அளவு செலவிடின் ஒரே நிலையினராகக் கணிக்கப்படுவர். மூன்றாமவர் கோட்டின் மேலே நிற்பது நகை தீரும் வரைதான். போருக்குப் பின் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் குடாநாட்டிற் குவிந்து, தவணைக் கடனும் அடகும் பெருகிய காலத்திலேயே மேற்காட்டிய வீழ்ச்சி நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

மேலும், குடும்பம் ஒற்றை அலகாகக் கொள்ளப்படுவதால், ஒரே உலையிற் சமைத்தாலும் கடைசியாக உண்ணும் பெண்ணின் பங்கு தெரியவராது. சாதி வினாக்கொத்தில் இடம்பெறுவதில்லை. ஆகவே நிலமற்ற கூலி உழைப்பாளர் எச்சமூகத்தவர் என்னும் வினா மாவட்டச் சராசரியுள் மறைகின்றது.

முடிவுரை

இக்குறைகள் தேசிய ஆய்வுகளை ஒதுக்குவதற்குக் காரணங்களாகா. அவையில்லாத காலம் எவ்வாறிருந்தது என்பதை நாம் அறிவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அந்நெருக்கடிக்கு முற்பட்ட எண்களைக் கொண்டு இன்றைய உதவிகளைப் பங்கிடுதல் நீதியாகாது. தேசிய ஆய்வு ஒழுங்காகத் தொடரல் வேண்டும். அதனோடு, ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் சென்று கண்டு, கடன், அடகு, நிலவுடைமை ஆகியவற்றைப் பதியும் கிராமிய ஆய்வுகளைக் குடாநாட்டின் பல்கலைக்கழகச் சமூகம் மேற்கொள்ளல் வேண்டும். எண்ணப்படாதிருந்த மக்கள் இன்று எண்ணப்படுகின்றனர். அவர்கள் எதைக் கொண்டு வாழ்கின்றனர் என்பதை எழுதும் பணி எம்முன் உள்ளது.