சன்னமும் மலைக்காற்றும்

பதுளை புனித மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாக எழுந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அந்த அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பது காலங்காலமாக வழங்கிவரும் கணக்கு. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்த இடி யார் அனுப்பியது என்று ஊரில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அது அறிவியல் பக்கத்துக்கு உரியதல்ல.

அந்த வேட்டைக்குத் துல்லியம் பெரிதாகத் தேவைப்படவில்லை. யானை அருகில் வரும்வரை காத்திருந்தார்கள், தேவைப்பட்டது எடைதான். பின்னர் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரரிடம் இருந்த ஒரு ரைபிளின் எடை 21 இறாத்தல். அதன் கூம்புச் சன்னம் ஒன்றே 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். இன்று 50 மீட்டர் இலக்குப் போட்டியில் பறக்கும் சன்னம் 2.6 கிராம். கனமான, வேகமான தோட்டாதான் நல்ல தோட்டா என்ற எண்ணம் வேட்டைக்காலத்தின் மிச்சம். இலக்குச் சுடுதலில் அது செல்லாது.

சன்னத்தின் வடிவமும் எடையும் எவ்வளவு பேசும் என்பதற்குத் தியத்தலாவையோடு தொடர்புள்ள சாட்சி உண்டு. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே முகாமில் அடைக்கப்பட்டார்கள். போர்க்களத்தில் அவர்கள் கையில் இருந்த 7 மில்லிமீட்டர் மௌசர் சுமார் 11 கிராம் சன்னத்தை வினாடிக்கு 700 மீட்டர் அளவில் அனுப்பியது. எதிரே பிரித்தானியரின் .303 ரைபிளில் 14 கிராம் மழுங்கிய சன்னம், வேகம் 600 அளவில். மௌசர் சன்னத்தின் பாதை தட்டையானது. தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி அதிகம் பிசகாது. 1910இல் பிரித்தானியரும் 11.3 கிராம் கூர்முனைச் சன்னத்துக்கு மாறினார்கள். அதன் முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்து எடையைப் பின்னால் தள்ளியிருந்தார்கள்.

ஆனால் போட்டியாளரை வாட்டுவது வேகம் அல்ல, வேக வேறுபாடு. கொஞ்சம் கணக்குப் போடலாம். 50 மீட்டர் போட்டியின் .22 சன்னம் வினாடிக்கு 325 மீட்டரில் கிளம்புகிறது என்று வையுங்கள். இலக்கைத் தொட ஏறத்தாழ 0.16 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்றிமீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுசெய்து குறிகாட்டியைத் திருத்திவிடலாம், கவலையில்லை. அடுத்த தோட்டா 10 மீட்டர் வேகம் கூடுதலாக வந்தால்? சன்னம் 7 மில்லிமீட்டர் மேலே விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீட்டர். கை நடுங்கவில்லை, மூச்சும் சரி. புள்ளியைக் கெடுத்தது தோட்டாவுக்குள் இருந்த வெடிமருந்து.

அதனால்தான் விலையுயர்ந்த போட்டித் தோட்டாக்களின் பெட்டியில் தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளை உற்பத்தி நிறுவனத்தின் சோதனைக்கூடத்துக்கே கொண்டுபோய், இறுக்கிப் பூட்டி, பல தொகுதிகளைச் சுட்டுப்பார்த்து, துளைகள் நெருங்கி விழுந்த தொகுதியை மொத்தமாக வாங்குவார்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது அதே தொழிற்சாலையின் அடுத்த குழலுக்குப் பிடிக்காது. மாமியார் வீட்டுச் சாப்பாடு மாதிரி, உண்டுபார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தத் தோட்டாக்களை ஏன் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிறுத்துகிறார்கள்? வேகமான .22 தோட்டா வினாடிக்கு 380 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டருக்குள்ளேயே ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும். அந்த எல்லையில் காற்றழுத்தம் சீர்குலைந்து சன்னத்தை அசைக்கும். தொடக்கத்திலேயே மெதுவாக அனுப்பினால் அந்த எல்லையே வராது.

இங்கேதான் பதுளையும் தியத்தலாவையும் அடங்கிய ஊவா சுவாரசியமாகிறது. ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது உயரம் அல்ல, வெப்பநிலை. கொழும்பின் 30 பாகை வெயிலில் அது வினாடிக்கு 349 மீட்டர். பண்டாரவளையின் 15 பாகைக் காலையில் 340. கீழ்நாட்டில் எல்லைக்குள் அடங்கிய ஒரு தோட்டா மேலே அதை உரசக்கூடும். குளிரில் வெடிமருந்து சற்று மெதுவாக எரிவதால் அந்த இடைவெளி ஓரளவு ஈடாகும், முழுக்க அல்ல.

காற்றின் அடர்த்தி வேறு கதை. தியத்தலாவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் உயரம். அங்கே 20 பாகையில் காற்று, கொழும்பின் 30 பாகைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மெலிந்தது. 50 மீட்டரில் அதைக் கவனிக்கவே வேண்டாம். 600, 900 மீட்டரில் சன்னம் மேலே விழும், பக்கக்காற்றும் குறைவாகத் தள்ளும். அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் ஒரு பஸ் பயணத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் குறைந்துவிடும். நெடுந்தூரச் சுடுநர் மேலே எழுதிவைத்த குறிப்பேடு கீழே பொய் சொல்லும். இத்தகைய தூரத்துக்கு நீளமான, காற்றைக் கிழிக்கும் சன்னம் வேண்டும். நீளம் கூடினால் குழலின் சுருள்வரிகள் அதை வேகமாகச் சுழற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் தலைகுப்புற உருளும்.

இலங்கைக்குச் சுடுதலில் கிடைத்த பெரும் பெருமை நெடுந்தூரத்தில் வந்ததல்ல. 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் 10 மீட்டர் காற்று ரைபிள் இணைப் போட்டியில் தங்கம் வென்றார்கள். அந்த ரைபிளில் வெடிமருந்தே கிடையாது. அரைக் கிராம் அளவு ஈயக்குண்டு, இலக்கின் பத்துப் புள்ளியோ அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அந்தக் குண்டுகளையும் தலையின் விட்டம் பார்த்துப் பிரித்து விற்கிறார்கள்: 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று.