கண்ணாடிக்குள் ஒரு கடல் – 11: பாறைக்கு நிறம் வரும் காலம்

புதிதாக வைத்த கடல்நீர்த் தொட்டியில் முதலில் பழுப்புப் படலம் படியும், அது போனதும் பச்சை வரும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இரண்டும் ஓய்ந்த பிறகு, பாறையின் நிழல் பக்கத்திலோ மோட்டார் மூடியிலோ குண்டூசித் தலையளவில் ஊதாப் புள்ளி ஒன்று தெரியும். விரலால் தேய்த்தால் போகாது, நகத்தால் சுரண்டினாலும் லேசில் பெயராது. அதுதான் கோரலைன் பாசி. கெட்டுவரும் தண்ணீரிலும் சில மீன்கள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துவிடும். இந்தப் பாசி அப்படி ஏமாற்றாது. அது பரவுகிறது என்றால் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

கோரலைன் சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. தன் செல்சுவர்களில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்துக் கல்லாக்கிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் கல்போல இருப்பதால் லின்னேயஸே இதை விலங்குகளோடு சேர்த்துவிட்டார். 1837இல் பிலிப்பி என்ற ஜெர்மானிய அறிஞர்தான் இது தாவர இனம் என்று நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு கீலிங் தீவுகளுக்குப் போன டார்வின், அலை மோதி உடையும் பவளத்திட்டின் விளிம்பில் இது தடித்துப் படர்ந்திருப்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். பவளம் செங்கல் என்றால் கோரலைன்தான் சாந்து. மிதக்கும் பவளக் குஞ்சுகள் பல, இதன் மேற்பரப்பை உணர்ந்த பிறகே இறங்கி ஒட்டுகின்றன. வெறும் அழகுக்காக மட்டும் இதை வளர்ப்பதாக நினைக்க வேண்டாம்.

இனி வளர்ப்புக்கு வருவோம். கடலில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியமும் 1,290 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. கார்பனேட் கையிருப்பைக் காட்டும் ஆல்கலினிட்டி ஏறத்தாழ 7 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). தொட்டியில் கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,250 முதல் 1,400, ஆல்கலினிட்டி 8 அல்லது 9 என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பலர் கால்சியத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாசி கல்லாகும்போது கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் ஒரு கணக்குப்படிதான் எடுக்கிறது: கால்சியம் 20 மில்லிகிராம் குறைந்தால் ஆல்கலினிட்டி 2.8 குறையும். 420இல் 20 போனால் கண்ணுக்கே தெரியாது, 8இல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. அதாவது கால்சியம் நன்றாக இருப்பதாக டெஸ்ட் கிட் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாசி பட்டினி கிடக்கும். ஒரே ஒரு கிட் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆல்கலினிட்டி கிட்டை வாங்குங்கள். குறைந்ததை ஒரே நாளில் ஏற்றிவிடவும் கூடாது. நாளுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் போகாதீர்கள். 7.5இல் நிலையாக நிற்கும் தொட்டியை, 7க்கும் 10க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிட மேலானதாகவே மதிப்பேன்.

மெக்னீசியம் இதில் காவல்காரர். அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே சேர்ந்து வெள்ளைப் படிவாக ஹீட்டரிலும் மோட்டாரிலும் ஒட்டிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் அளவு ஏறாது. பாஸ்பேட் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. அது அதிகமானால் பாசியில் கால்சியம் கார்பனேட் படிவதையே தடுக்கும், கூடவே பச்சைப் பாசிக்கு உரமாகி கோரலைனை மூடிவிடும். மீனுக்கு அள்ளி அள்ளித் தீனி போட்டு பாஸ்பேட்டைச் சேர்ப்பவர்களின் பாறை வெறுமையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சிறிய தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றரை கிராம் தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, மூடி வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியான தண்ணீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டும் சரியான விகிதத்தில் சேரும். இரவில் இறங்கும் பிஹெச்சும் தாங்கி நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு ஃபேன் வைத்துத் தொட்டியைக் குளிர்விப்பவர்களுக்கு ஆவியாதல் அதிகம், எனவே இந்த வழி இன்னும் நன்றாகப் பலிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம்; அதில் மணமும் நிறமும் சேர்ப்பதுண்டு. கையுறை கட்டாயம். வேகமாக ஊற்றினால் பிஹெச் ஏறி உயிர்கள் சாகும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1984இல் பஹாமாஸின் சான் சால்வடார் தீவை ஒட்டிய கடலடி மலையில், 268 மீட்டர் ஆழத்தில் கோரலைன் வாழ்வதை நீர்மூழ்கியிலிருந்து லிட்லர் என்ற ஆய்வாளர் தம்பதியர் கண்டார்கள். அந்த ஆழத்தில் மேற்பரப்பு வெளிச்சத்தின் ஒரு துளிதான் மிச்சம். மங்கலுக்குப் பழகிய பாசி என்பதால், புதிய விளக்கு மாட்டியதும் ஊதா வெளுத்துப்போனால் பதற வேண்டாம். விளக்கைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

விதை இல்லாமல் எதுவும் முளைக்காது. நண்பர் தொட்டியிலிருந்து ஊதா படிந்த நத்தை ஓடு ஒன்று கிடைத்தால் போதும். அதைச் சுரண்டி, மோட்டார் நீரோட்டத்தின் முன் தூவிவிடுங்கள். ஆனால் மன்னார் வளைகுடாவிலிருந்து பாறை எடுத்துவரச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. செத்த பவளக்கல்லை எடுப்பதும் குற்றம். பல்லாண்டுகள் வெட்டி எடுத்துத் தீவுகளையே இழந்த கடல் அது. செயற்கைப் பாறையே போதும். சில மாதங்கள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகளைத் தொட்டியில் விடுங்கள். அவை மேலே படியும் பச்சையை மேய்ந்து கோரலைனுக்கு இடம் திறந்துவிடும். சீ அர்ச்சின் பச்சையோடு ஊதாவையும் சேர்த்துச் சுரண்டித் தின்னும், எனவே பாறை நிறைந்த பிறகு யோசிக்கலாம். முன்கண்ணாடியில் படர்வதை வாராவாரம் பிளேடால் எடுத்துவிடுங்கள், தடித்துவிட்டால் பெரும்பாடு. அக்ரிலிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் சுரண்டி மட்டுமே. மோட்டாரின் உள்ளே படிந்தது வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

அடுத்த வாரம்: கால்சியம், ஆல்கலினிட்டி என்ற இரண்டு பாட்டில் மருந்துகளை ஏன் ஒரே நேரத்தில் ஊற்றக்கூடாது?