முழுக் கட்டுரை: அன்று தபாலில், இன்று கடவுச்சொல்லில்

1980களில் வேதியியலில் ஆய்வு செய்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' பற்றித்தான் சொல்வார்கள். 1907 முதல் வெளிவந்த சுருக்கத் தொகுப்பு அது. தடிதடியான நூல்கள், கண்ணைக் குத்தும் பொடி எழுத்து. எந்த நாட்டில், எந்த இதழில் என்ன கட்டுரை வந்தது என்று அதில் தெரிந்துவிடும். கட்டுரையைக் கையில் வாங்குவதுதான் பாடு.

பல்கலைக்கழக நூலகத்தில் பைண்டு செய்த பழைய தொகுதிகள் ஆண்டுவாரியாக நிற்கும். வேண்டிய தொகுதி மட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கும், அல்லது அந்த ஆண்டு பணமில்லாமல் சந்தாவே கட்டியிருக்க மாட்டார்கள். இருந்தால் ஜெராக்ஸ். இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே அட்டை போட வேண்டும். பிரதி கேட்பதற்கென்றே அச்சடித்த அட்டைகள் ஆய்வகங்களில் கட்டுக்கட்டாக இருந்தன. தலைப்பை நிரப்பி அனுப்பினால், முன்பின் தெரியாத ஏதோ ஒரு நாட்டுப் பேராசிரியர் தபால் செலவையும் தானே ஏற்று அனுப்பிவைப்பார். இந்தப் பெருந்தன்மையைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதவில்லை. அதுவும் பலிக்காவிட்டால், 1952இல் டில்லியில் தொடங்கப்பட்ட 'இன்ஸ்டாக்' என்ற அறிவியல் ஆவண நிறுவனத்துக்குப் பணம் கட்டிப் பிரதி வரவழைக்கலாம். வாரக்கணக்கில் ஆகும். கட்டுரை வந்து சேர்வதற்குள் ஆய்வு வேறு பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு.

இந்தக் காத்திருப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகமாகக் கரைந்தது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் அமைப்பு வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்கள் வந்தன. 2004இல் கூகுள் ஸ்காலர் வந்தது. 2025 ஜனவரியில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள்.

ஆனாலும் விடுதி அறையில் உட்கார்ந்து கூகுளில் தேடும் மாணவர், 'நாற்பது டாலர் கட்டு' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடுகிறார். அந்தக் கட்டுரைக்கு அவருடைய பல்கலைக்கழகமே பணம் கட்டியிருக்கலாம். பதிப்பகத்துக்குத் தெரிந்தது வளாக இணையத்தின் முகவரி மட்டுமே. செல்பேசி டேட்டாவில் வருபவர் அதற்கு யாரோ ஒருவர். அதே மாணவர் நூலகத்தின் இணையப் பக்கம் வழியாக, தன் பயனர் பெயரோடு நுழைந்தால் கதவு திறக்கும். கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை அங்கே இட்டால் தேடும் வேலையும் குறையும். அப்போதும் கிடைக்கவில்லையா? கூகுள் ஸ்காலரில் தலைப்பின் கீழே உள்ள மற்ற பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். கட்டுரை ஆசிரியர் தன் மூலப்படியை ஏதாவது ஒரு இணையக் களஞ்சியத்தில் இட்டிருக்கக்கூடும். அவருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம்; பழைய அட்டையின் வாரிசு அது. நூலகரிடம் கேட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார். இதையெல்லாம் விட்டுவிட்டு, கட்டுரைகளை அனுமதியின்றித் தருவதாக 2020இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட சை-ஹப் தளத்தை நோக்கிப் பலர் ஓடுகிறார்கள். சொந்த நூலகத்தில் இருப்பதையே அங்கே தேடுவதுதான் வேடிக்கை.

இழந்ததும் இருக்கிறது. பைண்டு செய்த தொகுதி நூலகத்தின் சொந்த வீடு. மின்சந்தா பெரும்பாலும் வாடகை வீடு. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்காவிட்டால், சந்தா நின்ற அன்று பழைய இதழ்களும் போய்விடும். யார் படிக்கலாம் என்பதும் மாறிவிட்டது. அன்று ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஊர் வரலாறு எழுதுபவரோ நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லி, மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். இன்று பயனர் பெயர் இல்லாதவருக்கு மேசையே இல்லை. புதிய சந்தாத் திட்டத்தின் முதல் கட்டத்திலும் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கல்லூரிகளே அதிகம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. அதைச் சாதித்துவிட்டோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாவது விதியில் பின்தங்கிவிட்டோம்.

பதிப்பக ஒப்பந்தங்கள் பலவற்றில், நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாரும் அங்கேயே படிக்கலாம் என்ற பிரிவு உண்டு. நம் பல்கலைக்கழக நூலகங்கள் அதைத் தேடிப் பார்த்து, வாசலருகே ஒரு கணினியை அவர்களுக்காக ஒதுக்க வேண்டும்.