வலிக்காத புண்: தோற் குறிகளை அறிதலும் அறியாமையின் சமூக அடிப்படையும்

தோலில் ஒரு திட்டோ தடிப்போ புண்ணோ தோன்றும்போது அதன் தன்மையை நாம் பெரும்பாலும் இரு அளவுகோல்களைக் கொண்டே தீர்மானிக்கிறோம். வலிப்பது ஆபத்தானது, வலிக்காதது பொருட்படுத்தத் தக்கதன்று என்பது ஒன்று. பார்வைக்கு அருவருப்பூட்டுவது தொற்றும், அல்லாதது தொற்றாது என்பது மற்றையது. இவ்விரண்டும் பிழையான அளவுகோல்கள் என்பதை மருத்துவ அறிவியல் எப்போதோ நிறுவிவிட்டது. ஆயினும் அவை இன்றும் நிலைபெற்றுள்ளன. இதனை வெறும் அறியாமை என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. உடலுழைப்பினால் வாழ்பவர்க்கு நோய் என்பது வேலைக்குப் போக முடியாத நிலையாகும். வேலையைத் தடுக்காத ஒன்று அவர்தம் வாழ்க்கையில் நோயாகக் கணக்கிடப்படுவதில்லை. வலி என்னும் அளவுகோலின் அடிப்படை இதுவே. இரண்டாவது அளவுகோலுக்குப் பின்னால் நெடிய பண்பாட்டு வரலாறு ஒன்று உண்டு. இவ்விரு அடிப்படைகளையும் விளக்கி, எத்தகைய தோற் குறிகளை வைத்தியரிடம் காலந் தாழ்த்தாது காட்டவேண்டும் என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொழுநோயும் உணர்விழப்பும்

இவ்விடயத்தைத் தெளிவுபடுத்துவதற்குத் தொழுநோயினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. 1873இல் நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் ஆமவர் ஹன்சன் என்ற மருத்துவர் இந்நோயை உண்டாக்கும் பற்றீரியாவைக் கண்டறிந்தார். அதுவரை இது பரம்பரை நோய் என்ற கருத்து மருத்துவ உலகிலேயே செல்வாக்குப் பெற்றிருந்தது. இப்பற்றீரியா மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ இரு வாரங்களை எடுப்பது. எனவே தொற்று ஏற்பட்டுக் குறி தோன்றுவதற்குச் சராசரி ஐந்தாண்டுகளும், சிலரில் இருபதாண்டுகள் வரையுங்கூடச் செல்லலாம். சிகிச்சை பெறாத நோயாளருடன் நீண்டகாலம் நெருங்கிப் பழகுவோருக்கு, பெரும்பாலும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நுண்துளிகள் வாயிலாக இது தொற்றுகிறது. எனினும் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் இதனை எதிர்க்கும் ஆற்றலை இயல்பாகவே உடையவர்கள்.

இப்பற்றீரியா உடலின் குளிர்ச்சியான பகுதிகளாகிய தோலையும் அதனை அடுத்துள்ள நரம்புகளையும் பற்றுவது. ஆதலால் முதற் குறி பெரும்பாலும் வெளிறிய அல்லது சற்றுச் சிவந்த ஒரு திட்டாகவே தோன்றும். அது அரிக்காது, வலிக்காது. அவ்விடத்தில் தொடுகை, வெப்பம், குத்து ஆகியவற்றின் உணர்வு குறைந்திருக்கும். சிலவேளை உரோமமும் வியர்வையும் அற்றுப்போயிருக்கும். வேறு நோய்களில் வலி அபாயத்தை அறிவிக்கிறது. இங்கோ வலியின்மையே அபாயத்தின் அறிவிப்பாகும்.

நாலடியாரிலே ஒரு செய்யுள், அங்கை எஞ்ச விரல்கள் அழுகும் தொழுநோயை, முற்பிறப்பில் நண்டின் கால்களை முறித்துத் தின்ற பழவினையின் பயனாகக் காட்டுகிறது. அச்செய்யுளின் அவதானம் கூர்மையானது. விரல்கள் குறுகி உள்ளங்கை எஞ்சுவது, சிகிச்சை பெறாது முற்றிய நோயில் மெய்யாகவே காணப்படுவதாகும். விளக்கமே வினைக் கோட்பாட்டுக்கு உரியது. விரல்கள் நோயினால் நேரடியாக அழுகி விழுவதில்லை என்பதை, 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய போல் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தெளிவுபடுத்தினார். உணர்விழந்த கை சூடான பாத்திரத்தைப் பற்றுகிறது. மண்வெட்டிப் பிடியை அளவுக்கு மிஞ்சி இறுக்குகிறது. கொப்புளம் உடைந்த பின்னரும் வேலையைத் தொடர்கிறது. காயமும் கிருமித் தொற்றும் திரும்பத் திரும்ப ஏற்பட்டு எலும்பு சிதைகிறது. முற்பிறப்பில் முறித்த நண்டின் காலைத் தேடவேண்டியதில்லை. இப்பிறப்பில், பாதுகாப்பின்றித் தொடரும் உழைப்பே அவ்விரல்களைத் தேய்க்கிறது.

2. பெயரும் தண்டனையும்

நோயைத் தண்டனையாகக் காணும் நோக்கு சமய இலக்கியத்துடன் நின்றுவிடவில்லை. 1954இல் எம். ஆர். ராதா நடித்து வெளிவந்த ‘இரத்தக் கண்ணீர்’ திரைப்படத்தில், ஒழுக்கங் கெட்ட செல்வந்தன் தொழுநோயாளியாகிறான். பகுத்தறிவியக்கச் சார்புடைய அப்படைப்பில் முற்பிறப்புக்கு இடமில்லை. ஆயினும் நோய் அங்கேயும் தண்டனையாகவே நிற்கிறது. கருத்துநிலை ஒன்றின் வெளிப்புறத்தை மறுப்போரும் அதன் உள்ளமைப்பைத் தம்மையறியாமலே பேணக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அரசும் சட்டமும் இந்நோக்கையே நிறுவனமாக்கின. ஒல்லாந்தர் 1708இல் வத்தளைக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் தொழுநோயாளருக்கான இல்லத்தை நிறுவினர். பிரித்தானிய ஆட்சியில் 1901இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கிவைக்க வழிசெய்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு அவ்வொதுக்கலின் இடமாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் 1898இல் இயற்றப்பட்ட சட்டம் வறிய தொழுநோயாளரையே குறிவைத்தது என்பது கவனிக்கத்தக்கது. நோயோடு வறுமையும் அங்கே குற்றமாயிற்று. அச்சட்டம் 2016இலேதான் நீக்கப்பட்டது. கண்டறியப்படுதல் என்பது பிடிபடுதலாக இருந்த காலத்தில் மக்கள் குறியை மறைத்தமை இயல்பானதே.

மொழியும் இவ்வச்சத்தைச் சுமந்து வந்துள்ளது. தோலின் நிறமிக் கலங்கள் அழிவதால் உண்டாகும் பால்வெண்மையான திட்டுகளை ‘வெண்குட்டம்’ என வழங்கினோம். அதற்கும் தொழுநோய்க்கும் எவ்விதத் தொடர்புமில்லை, அது தொற்றுவதுமில்லை, அங்கே தொடுகையுணர்வு முழுமையாக இருக்கும். ஆயினும் அப்பெயர் காரணமாகத் திருமணம் மறுக்கப்பட்டவர்கள் பலர். ‘வெண்புள்ளி’ என்ற பெயர் இன்று வழக்குக்கு வந்துள்ளமை வெறுஞ் சொல்மாற்றமன்று. தொற்றாத வெண்மைக்கு அஞ்சி, உணர்விழந்த திட்டைத் ‘தேமல்’ என்று விட்டுவிடுவதே நமது சமூகத்தின் முரண்பாடாகும்.

இப்பொருளை மாற்ற முடியும் என்பதற்கு இலங்கையின் அனுபவமே சான்று. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இங்கு 1983இல் தொடங்கியது. றிபாம்பிசின், டப்சோன், குளோபாசிமின் ஆகியவற்றை நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்கள் உட்கொண்டால் நோய் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை அற்றுவிடும். 1990இல் வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மூலம், இது குணப்படுத்தக்கூடிய சாதாரண தோற் குறி என்ற செய்தி பரப்பப்பட்டபோது, கண்டறியப்படும் நோயாளரின் தொகை பெருமளவில் உயர்ந்தது. பலர் தாமாகவே சிகிச்சை நிலையங்களுக்கு வந்தனர். நோய் திடீரெனப் பெருகவில்லை; மறைந்திருந்தது வெளிப்பட்டது. 1995இல், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குக் குறைவு என்ற இலக்கை நாடு எட்டியது. எனினும் 2010களிலும் ஆண்டுதோறும் 1500க்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். இலக்கு எட்டப்பட்டதை நோய் ஒழிந்ததாகக் கொள்ளுதல் தவறு.

3. வலியற்ற ஏனைய குறிகள்

வலியின்மை தரும் ஏமாற்றம் தொழுநோய்க்கு மட்டும் உரியதன்று. மணல் ஈயின் கடியினாற் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் உள்நாட்டிலேயே தொற்றியமை இலங்கையில் முதன்முதலாக 1992இல் பதிவாயிற்று; 2008இல் இது அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கப்பட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை முதலிய மாவட்டங்களில் இது மிகுதி. முகம், கை, கால் போன்ற மூடப்படாத இடங்களில் சிறு பருவாகத் தோன்றி, மாதக்கணக்கிற் பெருத்து, நடுவிற் புண்ணாகும். அதுவும் வலிக்காது, அரிக்காது. வெளியில் உழைப்போரும் உறங்குவோரும், விவசாயிகளும் படையினருமே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

நீரிழிவு நோயாளரின் பாதம் மற்றொன்று. நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் முள் ஏறியதும் செருப்புக் கடித்ததும் தெரிவதில்லை. வலிக்காத அச்சிறு புண்ணே காலை அகற்றுவதில் முடியக்கூடும்.

மெலனோமா என்ற தோற் புற்றுநோய் கருநிறத் தோலினரிடையே அரிது. வரும்போதோ உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ் ஆகிய இடங்களிலேயே பெரிதும் வருகிறது. ஜமேக்கப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் கீழ் இது கண்டறியப்பட்டது; 1981இல் அவர் மறைந்தார். மருத்துவ நூல்களிலுள்ள படங்களிற் பெரும்பாலானவை வெண்ணிறத் தோலையே காட்டுவன. நூல்கள் ‘சிவப்பு’ எனக் கூறுவது நமது தோலில் கபிலமாகவோ ஊதாவாகவோ கருமையாகவோ தெரியலாம். இக்குறையை நிரப்பும் கைந்நூல் ஒன்றை 2020இல் இலண்டனில் மருத்துவ மாணவர் ஒருவர் தமது ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட நேர்ந்தமை, அறிவுற்பத்தியிலும் ஆதிக்க உறவு உண்டென்பதை உணர்த்தும்.

4. எப்போது வைத்தியரை நாடவேண்டும்?

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, வெளிறிய அல்லது சிவந்த எந்தத் திட்டையும் உணர்வு கொண்டு சோதிக்கவேண்டும். கண்ணை மூடச்செய்து, பஞ்சு நுனியால் திட்டையும் அதனைச் சூழ்ந்த நல்ல தோலையும் மாறி மாறித் தொட்டால் வேறுபாடு தெரியவரும். உணர்வு குறைந்திருப்பின், அல்லது கைகால்களில் மரப்பும் பலவீனமும் இருப்பின், தோல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லவேண்டும். உணர்வு இருப்பது கொண்டு மட்டும் தொழுநோய் இல்லையென்று முடிவுசெய்தலும் ஆகாது. முகத்துத் திட்டுகளிலும் நோயின் சில வகைகளிலும் உணர்வு எஞ்சியிருக்கும். ஆகையால் நீங்காத திட்டு எதனையும் காட்டுதலே முறை. சிகிச்சை பெறுபவருக்குத் திட்டுகள் திடீரென வீங்கிச் சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ, கண் பாதிக்கப்பட்டாலோ அன்றே வைத்தியரைக் காணவேண்டும்; தாமதம் நிரந்தர ஊனத்தை விளைவிக்கும்.

இரண்டாவது, நான்கு வாரங்களில் ஆறாத புண்ணோ பருவோ, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், காட்டப்படவேண்டும். நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணுக்கு இத்தவணையும் இல்லை.

மூன்றாவது, ஒரு மச்சம் சமச்சீரற்றதாய், ஓரம் ஒழுங்கற்றதாய், பல நிறமுடையதாய், ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்டதாய் இருப்பினும், சிறப்பாக அது மாறிக்கொண்டிருப்பினும், உள்ளங்காலிற் புதிய கரும்புள்ளியோ நகத்திற் கருங்கோடோ தோன்றினும் பரிசோதனை அவசியம்.

நான்காவது, காய்ச்சலுடன் விரைந்து பரவும் வீக்கம், அழுத்தினாலும் மறையாத புள்ளிகள், மருந்து உட்கொண்டபின் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிதல் ஆகியவை உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலைமைகளாகும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மருந்துக் கடையிற் கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் களிம்புகள் படர்தாமரையின் அரிப்பைத் தற்காலிகமாக அடக்கி, நோயைப் பரவச் செய்து, அதன் உருவத்தையும் மாற்றிவிடுகின்றன. பின்னர் வைத்தியருக்கே அதனை இனங்காணுதல் கடினமாகிறது.

இவ்வறிவுரைகளைக் கூறுவது எளிது. சிகிச்சை நிலையங்கள் பெரும்பாலும் வேலைநாட்களில், வேலை நேரத்திலேயே திறந்திருக்கின்றன. மருந்து இலவசமாயினும் ஒரு நாட் கூலி இலவசமன்று. வலிக்காத திட்டொன்றுக்காக ஒரு நாட் கூலியை இழக்கும்படி தோட்டத் தொழிலாளியையோ மீனவரையோ கேட்கும்போது, அவர்தம் அனுபவ தர்க்கத்துக்கு எதிரான ஒன்றையே கேட்கிறோம். ஆகவே விழிப்புணர்வுப் பிரசாரத்துடன், மாலை நேரச் சிகிச்சை நிலையங்களும், வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும் தோற் பரிசோதனையும், சம்பளத்துடனான மருத்துவ விடுப்பும் கோரப்படவேண்டும். நோயாளி தாமதித்து வந்தார் என்று பதிவேட்டிற் குறிப்பதற்கு முன்னர், அவர் முன்னதாக வரக்கூடிய வழி இருந்ததா என்று வினவுதல் நேர்மையான ஆய்வின் கடமையாகும்.