நாய் பூனைகளை உண்ணியினின்று காத்தல்

குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி வட்டாரத்துக் காவல் நாய்கள் மழைக்கு ஒதுங்கித் திண்ணையிலும் தொழுவத்திலும் படுத்துக் கிடக்கும். அவற்றின் உடலிலுள்ள உண்ணிகளும் அவ்விடங்களிலேயே பெருகும்.

பெண் நாயுண்ணி குஞ்சு, இளமை, முதிர்ச்சி என்னும் மூன்று பருவங்களிலும் நாயின் இரத்தங் குடித்து, வயிறு நிரம்பியதும் கீழிறங்கிச் சுவர் வெடிப்புகளில் மறையும். முடிவில் சுமார் 4,000 முட்டைகள் வரை இடும். ஆதலால் நாயை மாத்திரம் சுத்தஞ் செய்வது போதாது. வெடிப்புகளைச் சாந்திட்டுப் பூசுக. நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துக.

தினந்தோறும் காது, கழுத்து, விரலிடுக்குகளைச் சோதித்து, கண்ட உண்ணியை இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேரே இழுத்து ஸ்பிரிட்டில் போடுக. நகத்தால் நசுக்கலாகாது, மண்ணெண்ணெய் தடவுதலும் கூடாது. உண்ணியால் எர்லிக்கியா, பாபீசியா முதலிய கிருமிகள் நாயின் இரத்தத்திற் சேரும். காய்ச்சல், தீனி வெறுப்பு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை தோன்றின், தாமதியாது கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நெற்குதிரை எலியினின்று காக்கும் பூனையின் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை அவசியம். நாய்க்குப் பூசும் மருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷமாகும். பூனையின் ஈரல் அதனைச் சிதைத்து வெளியேற்ற வல்லதன்று. நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனை மாளும். அம்மருந்திட்ட நாயின் உடல் நன்கு உலரும் வரை பூனையை அண்டவிடாது தனியே வைப்பதும் இதனாலேயே. மருந்தை மிச்சமென்று பூனைக்குத் தடவாது, பூனைக்கென்றே வைத்தியர் குறித்ததை மாத்திரம் உபயோகிப்பதே உசிதம்.